இரண்டாங்கட்டில் ஓர் ஆச்சி

காரைக்குடி பக்கம் எங்கள் ஊரில், நான்கு வீடு தள்ளி ஓர் ஆச்சி. முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிற எல்லாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பவர். பொங்கலுக்குப் போனபோது வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டில் சாமான் அறைக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். பாதியாக இளைத்துவிட்டார். நான் கேட்டதற்கெல்லாம் மகன்தான் பதில் சொன்னார். ஆச்சி வாய் திறக்குமுன் மகன் முகத்தைப் பார்த்தார். மணிக்கட்டு கன்றியிருந்தது. "வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். செல்போன், பாஸ்புக் எல்லாம் மகனிடம்.

வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் 14567-ஐ அழைத்தேன். அந்த ஒரு மாதம் இன்னும் என்னை உறுத்துகிறது. இப்போது ஆச்சி மகள் வீட்டில் இருக்கிறார்.

14567 என்பது முதியோர் உதவி எண். காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் இல்லை. அக்கம்பக்கத்தாரும் அழைக்கலாம். அடி விழுகிறதென்றால் யோசிக்காமல் 112.

"வீட்டை எழுதிக் கொடுத்தாச்சே, இனி என்ன செய்ய" என்று பல பேர் பொறுத்துப் போகிறார்கள். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்தால், பார்க்காதபோது அதை ரத்து செய்யக் கேட்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துக்குத் தேவகோட்டை. பத்திரம் எழுதும்போதே அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஊருக்குப் போனால் பெரியவர்களிடம் ஐந்து நிமிடமாவது தனியாகப் பேசுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாமல்.