ஃபிரிட்ஜ் கம்பெனி செய்த வேகக் கார்கள்: கெனோஷாவில் ஒரு சனிக்கிழமை

கெனோஷா போகிறேன் என்று சிகாகோவில் ரயிலேறியவன் வாக்கீகனில் இறங்கி நின்றேன். அந்தத் தடத்தில் நிறைய வண்டிகள் வாக்கீகனோடு நின்றுவிடும். மாநில எல்லை தாண்டி விஸ்கான்சினுக்குள் கெனோஷா வரை போவது சிலதான். பலகையில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. ஒரு கையில் காபியும் மறு கையில் பையுமாக ஓடியதில் நான்தான் பார்க்கவில்லை. அடுத்த வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஏரிக்காற்று வாங்கினேன்.

"கெனோஷாவா? அங்கே என்ன இருக்கு?" என்று முந்தின நாள் அலுவலகத்தில் கேட்டார்கள். கார் என்றேன். அமெரிக்காவில் கார் பார்க்க டெட்ராய்ட்டுக்கல்லவா போவார்கள் என்று சிரித்தார்கள். மஸ்டாங், கமாரோ, சார்ஜர் மாதிரிப் பேர்போன வேகக் கார்களைப் பார்க்க டெட்ராய்ட் சரி. நான் பார்க்க நினைத்தது அவற்றோடு ஓடியும் பேர் வாங்காமல் போன கார்களை. அவை பிறந்த ஊர் இது.

ஸ்டேஷனுக்கு வெளியே டிராம். 2000-ல் விட்டது, ஆனால் பெட்டிகள் பெரும்பாலும் 1951-ல் செய்தவை. டொராண்டோவில் ஓடித் தேய்ந்து இங்கே வந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஊரின் வண்ணம் அடித்திருக்கிறார்கள். ஊரைச் சுற்றி மிச்சிகன் ஏரிக்கரைக்குப் போய்த் திரும்புகிற சின்னத் தடம். கரையில் அருங்காட்சியகம், புல்வெளி, புது வீடுகள், படகுகள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தப் புல்வெளி இருக்கும் இடத்தில்தான் அமெரிக்கன் மோட்டார்ஸின் ஏரிக்கரை ஆலை நின்றது. அதற்கு முன் அது சிம்மன்ஸ் மெத்தைக் கம்பெனியின் கட்டடம். மெத்தைக்காரர்கள் போக, கார்காரர்கள் வந்தார்கள். கார்காரர்கள் போக, டிராம் வந்தது.

இந்தக் கம்பெனியின் பழைய பெயரைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று வேறு ஞாபகம் வரும். நாஷ்-கெல்வினேட்டர். ஆமாம், அதே கெல்வினேட்டர்தான். 1916-ல் சார்லஸ் நாஷ் என்பவர் கெனோஷாவிலிருந்த ஜெஃப்ரி கார் கம்பெனியை வாங்கித் தன் பெயரில் நடத்தினார். 1937-ல் அது ஃபிரிட்ஜ் செய்யும் கெல்வினேட்டரோடு இணைந்தது. 1954-ல் ஹட்ஸனும் சேர, அமெரிக்கன் மோட்டார்ஸ், சுருக்கமாக ஏஎம்சி, ஆனது. எங்கள் வீட்டில் முதன்முதலில் வந்த ஃபிரிட்ஜ் கெல்வினேட்டர். கதவைத் திறந்துவிட்டு யோசித்துக்கொண்டு நின்றால் "கரண்ட் பில்லை உன் தாத்தாவா கட்டுறார்?" என்று அம்மா சத்தம் போடுவாள். ஏஎம்சி-யின் தலைவராக இருந்த ஜார்ஜ் ராம்னியும் ஏறத்தாழ அந்த ரகம். பெட்ரோல் குடிக்கும் டைனோசர்கள் என்று டெட்ராய்ட்டின் பெரிய கார்களைக் கேலி பேசியே ராம்ப்ளர் என்ற சிக்கனக் காரை விற்றவர். பின்னால் மிச்சிகன் கவர்னரானார். மிட் ராம்னியின் அப்பா.

சிக்கனம் பேசிய அதே வீட்டில்தான் வேகமும் பிறந்தது. 1957-ல், மஸ்டாங் வர இன்னும் ஏழு வருடம் இருக்கும்போதே, லேசான ராம்ப்ளர் உடம்புக்குள் 327 கன அங்குல வி8 எஞ்சினை இறக்கி ரெபல் என்று ஒரு கார் விட்டார்கள். 255 குதிரைத்திறன். நிறம் வெள்ளி மட்டும். செய்ததே 1,500 கார். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலைத் தொட ஏழரை வினாடி என்று அன்றைய பத்திரிகைச் சோதனை சொன்னது. நாலு கதவு வைத்த குடும்பக் காருக்கு இது அநியாய வேகம். விட்டவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்களா என்றால் இல்லை. 1964-ல், ராம்ப்ளருக்கு அக்கறையுள்ள ஒரே 'ரேஸ்' மனித இனம்தான் என்று பந்தயத்தைக் கிண்டலடித்து விளம்பரம் போட்டார்கள். ஆங்கிலத்தில் பந்தயத்துக்கும் இனத்துக்கும் ஒரே சொல் என்பதால் அந்தச் சிலேடை. இளைஞர்கள் சிரித்துவிட்டு மஸ்டாங் வாங்கப் போனார்கள். இரண்டு வருடத்துக்குள் பத்து லட்சம் மஸ்டாங்.

டிராமை விட்டிறங்கி, துறைமுக வாய்க்காலைப் பாலத்தில் கடந்தால் சிம்மன்ஸ் தீவு. 1866-ல் கட்டிய கலங்கரை விளக்கம், அருகிலேயே ஊர் வரலாற்று மையம். உள்ளே நாஷ், ராம்ப்ளர் கார்களைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அதிர்ஷ்டம் வெளியே இருந்தது. ஏஎம்சி கார் வைத்திருப்பவர்கள் அவ்வப்போது இந்த ஊரில் கூடுவதுண்டு. அன்று பெரிய கூட்டமெல்லாம் இல்லை. வாகன நிறுத்தத்தில் எட்டுப் பத்து கார்கள், மடக்கு நாற்காலிகள், தொப்பி போட்ட பெரியவர்கள்.

முதலில் நின்றது ஏஎம்எக்ஸ். ஜாவலின் என்ற நாலு சீட்டுக் காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியில் ஒரு அடியை வெட்டியெடுத்து 97 அங்குலமாக்கி, பின் சீட்டைத் தூக்கிவிட்டால் கிடைப்பது. 1968-ல் வந்தது. பெரிய எஞ்சின் 390 கன அங்குலம், 315 குதிரைத்திறன். கெல்வினேட்டரை அவர்கள் விற்றதும் அதே 1968-ல்தான். ஃபிரிட்ஜைக் கொடுத்துவிட்டு வேகத்தை வாங்கியதாக நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். உண்மையில் காசு நெருக்கடி. அந்தக் காரை டெக்ஸஸில் ஐந்து மைல் வட்டப் பாதையில் வேகச் சாதனைகளுக்குப் பேர்போன கிரெய்க் ப்ரீட்லவ்வின் குழுவினர் இரவு பகலாக ஓட்டி 106 சாதனைகளை உடைத்தார்கள். 24 மணி நேரம் சராசரியாக மணிக்கு 140 மைல், அதாவது 225 கிலோமீட்டர். இதற்குப் பிறகும் மூன்று வருடத்தில் விற்றது 19,134.

டாஷ்போர்டில் ஒவ்வொரு காருக்கும் எண் பொறித்த சின்னத் தகடு இருக்கிறது. தயாரான வரிசைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாதாம். "யாரோ டப்பாவுக்குள் கையை விட்டு வந்ததை ஒட்டியிருப்பான்" என்றார் உரிமையாளர். தகட்டை மூன்று முறை துடைத்துக் காட்டினார்.

அடுத்தது ரெபல் மெஷின், 1970. வெள்ளை உடம்பில் சிவப்பும் நீலமுமாகப் பட்டை. 340 குதிரைத்திறன், ஏஎம்சி அதுவரை விற்ற கார்களில் இதற்குத்தான் அதிகம். ஆர்.பி.எம். மீட்டர் உள்ளே இல்லை, பானெட்டுக்கு மேலே காற்று வாங்கும் மூக்கின் பின்புறத்தில் இருக்கிறது. மழையில் எப்படிப் பார்ப்பார்களோ. எனக்கு இந்தக் காரைவிட இதன் விளம்பரம் பிடிக்கும். இது அவ்வளவு வேகமில்லை, கார்வெட்டையும் ஹெமியையும் முந்தாது, ஆனால் ஃபோக்ஸ்வேகனையும் மெதுவாகப் போகும் சரக்கு ரயிலையும் உங்கப்பாவின் கேடிலாக்கையும் முந்திவிடும் என்று அவர்களே எழுதினார்கள். கார் விற்பவன் இவ்வளவு நேர்மையாக இருந்தால் எப்படிப் பிழைப்பது? விற்றது 2,326.

நான் தேடி வந்தது வரிசையின் கடைசியில் நின்றது. 1969-ன் எஸ்சி ராம்ப்ளர். கம்பெனியிலேயே சிறிய, மலிவான, பள்ளிக்கூட வாத்தியார் வாங்கும் ராம்ப்ளருக்குள் அதே 390 எஞ்சினைத் திணித்து, ஹர்ஸ்ட் கம்பெனியின் கியர் ராடை நட்டு 2,998 டாலருக்குக் கொடுத்தார்கள். கூடுதலாகக் கேட்டு வாங்க முடிந்தது ரேடியோ ஒன்றுதான். கால் மைலை 14.3 வினாடியில் ஓடும் என்பது கம்பெனியின் கணக்கு. செய்தது 1,512. நிறம் மட்டும் சகிக்காது: விலாவில் அகலச் சிவப்பு, மேலே நீலப் பட்டை, பானெட் நெடுக ஓர் அம்பு. அம்பு போய் முட்டும் பெட்டித் துவாரத்தில் 'ஏர்' என்று எழுத்து. காற்று எந்தப் பக்கமாக நுழைய வேண்டும் என்று காற்றுக்கே வழி சொல்வது போல. தேர்தல் வேன் தோற்றது.

காரின் சொந்தக்காரருக்கு எழுபது தாண்டியிருக்கும். கையில் சீஸ் கர்ட் பொட்டலம். எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாலாடைக்கட்டியின் இளம் பருவம் அது. புதிதாக இருந்தால் கடிக்கும்போது பல்லில் கீச்கீச்சென்று சத்தம் வரும், ரப்பர் செருப்பு ஈரத்தரையில் உரசுவது போல. சத்தம் வராவிட்டால் விஸ்கான்சின்காரர்கள் பழசு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அவருடைய அப்பா இங்கே ஆலையில் வேலை பார்த்தவராம். 1987-ல் கிரைஸ்லர் ஏஎம்சி-யை வாங்கியது. அடுத்த வருடமே கெனோஷாவில் கார் தயாரிப்பு நின்றது. ஐயாயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று. எஞ்சின் ஆலை மட்டும் 2010 வரை மூச்சு விட்டது, பிறகு அதையும் இடித்துவிட்டார்கள்.

"மஸ்டாங்குக்கு ஃபோர்டு இன்னும் பிறந்தநாள் கொண்டாடுது. இதுக்கு யார் கொண்டாடுவா? நாங்கதான், இந்த நாற்காலி போட்டுக்கிட்டு" என்றார். புகாராகச் சொல்லவில்லை, கர்டை மென்றுகொண்டே சொன்னார்.

வேகம் குறைவென்று இந்தக் கார்களை யாரும் மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. 1971-லும் 1972-லும் டிரான்ஸ்-ஆம் பந்தயப் பட்டத்தை வென்றதே ஜாவலின்தான். பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு கம்பெனி மிஞ்சவில்லை, அவ்வளவே.

உள்ளே உட்காரச் சொன்னார். டாஷ்போர்டு பாவப்பட்ட ராம்ப்ளர் டாஷ்போர்டேதான். ஆர்.பி.எம். மீட்டர் வைக்க அதில் இடமில்லை. அதனால் சன் கம்பெனியின் மீட்டர் ஒன்றை ஸ்டியரிங் தண்டின் மேல் வைத்து, ரேடியேட்டர் ஹோஸுக்கு மாட்டுகிற மாதிரி கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். யாரோ மெக்கானிக் பிற்பாடு செய்த கைவேலை என்றுதான் நினைத்தேன். இல்லை, ஆலையிலிருந்தே அப்படித்தான் வந்ததாம்.

சாவியைத் திருப்பினார். சீட் நடுங்கியது, கண்ணாடியில் ஏரி நடுங்கியது. ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டதும் மீட்டரின் முள் எழுந்தது. முள்ளோடு மீட்டரும் மெல்லச் சரிந்து என் பக்கம் திரும்பிக்கொண்டது. எஞ்சினை அணைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பேனா வைக்கிற பையில் அதை வைத்திருந்தார்.