இலைக் கணக்குக் கணினியின் வன்தட்டு: கோத்தகிரி நாட்குறிப்பு

நவம்பர் 3

எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழுவின் இலைக் கணக்கு முழுவதும் அலுவலகத்தில் உள்ள ஒரே ஒரு மேசைக்கணினியில்தான் இருக்கிறது. உறுப்பினர்கள் நாள்தோறும் கொடுத்த பச்சைத் தேயிலையின் எடை, மழை நாளில் ஈரத்துக்காகக் கழித்த கிலோ, உரத்துக்கு வாங்கிய முன்பணம், தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையைப் பார்த்துப் போடும் பட்டுவாடா என எல்லாமே அதில் அடக்கம். சில நாட்களாகவே மந்தமாக இருந்த அந்தக் கணினி, இன்று கணக்குக் கோப்பைத் திறந்தவுடன் அப்படியே நின்றுவிட்டது. பெட்டியின் முகப்பில் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) வேலை செய்யும்போது மினுக்க வேண்டிய சிவப்பு விளக்கு, மினுக்காமல் விடாது எரிந்துகொண்டிருந்தது. பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். தட்டு சுழலும் சீரான ஓசைக்கு நடுவே ‘டிக்’ என்று ஒரு சத்தம், சற்று இடைவெளி, மறுபடியும் அதே ‘டிக்’.

எடை போடும் அண்ணன் எட்டிப் பார்த்து, “மிஸ்ட் உள்ளே இறங்கியிருக்கும் சார். போன வருஷம் எங்க வீட்டு டிவியும் இப்படித்தான் போச்சு” என்றார். கோத்தகிரியில் எந்தப் பொருள் கெட்டாலும் முதல் குற்றவாளி மூடுபனிதான். விசாரணை பிறகுதான் நடக்கும்.

விண்டோஸ் தனக்கு நேரும் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் தேடியபோது, வட்டு என்ற தலைப்பின் கீழ் 7 என்ற எண்ணும் 153 என்ற எண்ணும் வரிசையாகப் பதிவாகியிருந்தன. முதலாவது, தட்டில் கெட்ட பகுதி இருக்கிறது என்பதற்கான எண். இரண்டாவது, ஒரு முறை கேட்டுக் கிடைக்காத தகவலை விண்டோஸ் மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது என்பதற்கான எண். மறுதொடக்கத்தின்போது செக்டிஸ்க் என்ற வட்டுச் சோதனை நிரலை ஓட்டட்டுமா என்று கணினி தானாகவே முன்வந்தது. ஒரு விசையை அழுத்தி அதைத் தவிர்த்தேன். செக்டிஸ்க் சரிசெய்வது கோப்புகளின் அட்டவணையைத்தான். தட்டைச் சரிசெய்வது அதன் வேலை அன்று. படிக்க முடியாத இடத்தில் இருக்கும் அட்டவணை வரிகளை அது கழித்துக் கட்டிவிடும். போதாக்குறைக்கு, ஏற்கெனவே தள்ளாடும் தட்டை மூலைமுடுக்கெல்லாம் ஓட வைக்கும். நகல் எடுக்கும் முன் பழுதுபார்க்கும் மென்பொருள் எதையும் இந்தத் தட்டின்மேல் ஏவுவதில்லை என்று முடிவுசெய்து கணினியை அணைத்துவிட்டேன். இன்றைய எடையைக் கணக்கு எழுதும் அக்கா பேரேட்டில் கையால் எழுதினார்.

நவம்பர் 4

கேபிளில் குறை இருக்கும்போதே தட்டு கெட்டுவிட்டது என்று தீர்ப்பெழுதிப் புதியது விற்கும் கடைகள் உண்டு. ஊட்டியில் ஒரு கடையில் அப்படி நடந்ததை நேரிலேயே பார்த்திருக்கிறேன். எனவே பெட்டியைத் திறந்து, தட்டை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றி, மதர்போர்டில் வேறு இணைப்பில் செருகிப் பார்த்தேன். சத்தமும் தாமதமும் அப்படியே இருந்தன.

பிறகு பென் டிரைவில் இருக்கும் லினக்ஸ் வழியாகக் கணினியை இயக்கி, தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்பேட்டைப் படித்தேன். நீண்ட பட்டியல் என்றாலும், பார்க்க வேண்டிய வரிகள் குறைவுதான். 199ஆம் வரி, கேபிள் வழியாகத் தகவல் போகும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை; அது 0. ஆக, கேபிள் நிரபராதி. 5ஆம் வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (தட்டில் தகவல் எழுதும் சிறு கட்டங்களின்) எண்ணிக்கை, அது 312. 197ஆம் வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. காலையில் 96 என்று இருந்தது, மதியம் 104 ஆகியிருந்தது. எண்ணிக்கை பெரிதா சிறிதா என்பதைவிட அது ஏறிக்கொண்டே போகிறதா என்பதே எனக்கு முக்கியம். பல ஆண்டுகளாக 8இல் நிற்கும் தட்டோடு காலம் தள்ளலாம். கண்ணெதிரே ஏறும் தட்டோடு முடியாது.

1ஆம் வரியில் கோடிக்கணக்கில் ஓர் எண்ணைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. சில நிறுவனங்களின் தட்டுகளில், படித்த செக்டர்களின் மொத்தத்தையும் பிழைகளையும் சேர்த்து ஒரே எண்ணாக அந்த வரியில் வைக்கிறார்கள். நல்ல தட்டிலும் அது அப்படித்தான் இருக்கும். இந்தத் தட்டு ஓடிய நேரம் 19,000 மணிக்கு மேல். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் ஏறக்குறைய 8 ஆண்டு உழைப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

நவம்பர் 5

நகலெடுக்க வேண்டிய 1 டெராபைட் தட்டு நாளை மறுநாள்தான் கைக்கு வரும். அதற்குள், எடை போடும் அண்ணன் சொன்ன மூடுபனிக் குற்றச்சாட்டை ஒழுங்காக விசாரித்துவிடலாம்.

வன்தட்டின் உள்ளே படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு தன்னோடு இழுத்துச் செல்லும் காற்றின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் அது மிதக்கிறது. ஆகவே வன்தட்டுக்குக் காற்று வேண்டும். மலை ஏற ஏறக் காற்று மெலியும். மெலிந்த காற்றில் முனை தாழும். ஆனால் தயாரிப்பாளர்கள் பொதுவாக 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி வரை இயக்கலாம் என்கிறார்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டாவின் உச்சியிலேயே கொண்டுபோய் வைத்தாலும் 2,637 மீட்டர்தான். உயரத்தின் மேல் பழி போட முடியாது.

மூடுபனியின் கதை சற்று வேறு. தட்டின் மேல்மூடியில் ‘இதை மூடாதீர்கள்’ என்ற எச்சரிக்கையோடு ஒரு சிறு துளை இருக்கும். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாவதற்காக, வடிகட்டி வைத்து விடப்பட்ட துளை. ஹீலியம் நிரப்பி முற்றிலும் அடைத்த தட்டுகள் 2013இல்தான் சந்தைக்கு வந்தன. எங்களுடையது அந்த வகை அன்று. வடிகட்டி தூசியைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. என்றாலும் ஓடிக்கொண்டிருக்கும் தட்டு அறையைவிடச் சூடாகவே இருப்பதால் அதன்மேல் ஈரம் படியாது. குளிர்ந்துபோன தட்டைச் சூடும் ஈரமும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் உடனே இயக்குவதுதான் ஆபத்து: இங்கிருந்து காலையில் பையில் போட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி, அங்கே கடையில் வைத்தவுடன் மின்சாரம் கொடுப்பது போல. கெட்ட தட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்ற பழைய வைத்தியத்தையும் இதே காரணத்தால் நான் நம்புவதில்லை.

என் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான். வடகிழக்குப் பருவமழையில் மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போவதும் வருவதும் இங்கே அன்றாடம். யுபிஎஸ் பேட்டரியோ எப்போதோ செத்துவிட்டது. மின்சாரம் திடீரென நின்றால், சுழன்று ஓயும் மோட்டாரிலிருந்தே மின்சாரம் எடுத்துப் படிக்கும் முனை தன் ஓய்விடத்துக்குத் திரும்பும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணத்தில் எழுதிக்கொண்டிருந்த செக்டர் அரைகுறையாகலாம். அப்படிப்பட்ட செக்டர், மேலே புதிதாக எழுதியதும் சரியாகிவிடும். எனவே 197ஆம் வரியில் உள்ள எல்லாமே உண்மையான காயம் என்று சொல்ல முடியாது. 5ஆம் வரியில் உள்ள 312தான் உண்மையான தேய்மானம்.

நவம்பர் 7

யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. வாங்கி வந்த 1 டெராபைட் தட்டை மதர்போர்டிலேயே இரண்டாவது சாட்டா இணைப்பில் பொருத்தினேன். யுஎஸ்பி 2 வழியாகப் போனால் நொடிக்கு 35 மெகாபைட்டைத் தாண்டுவதே அரிது.

நகலெடுக்கக் குனு டிடிரெஸ்க்யூ. சாதாரண நகல் மென்பொருள்கள் முதல் கெட்ட செக்டரிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது அப்படிச் செய்யாது. கெட்ட இடம் வந்தால் குறித்துவைத்துவிட்டுத் தாண்டி, நல்ல பகுதி முழுவதையும் முதலில் வாரிக்கொண்டு, கடைசியில்தான் கெட்ட இடங்களுக்குத் திரும்பும். பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பும்போது, தெரிந்த கேள்விகளை முதலில் எழுது என்று சொல்வோமே, அந்த முறை. எதுவரை எடுத்தோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நீலகிரி நவம்பருக்கென்றே எழுதிய மென்பொருள் போல இருக்கிறது.

தொடங்குமுன் எது பழைய தட்டு, எது புதியது என்பதைக் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் தட்டின் மேல் ஒட்டிய தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். இரண்டும் இடம் மாறினால் வெற்றுத் தட்டின் நகல் கணக்கின்மேல் ஏறிவிடும்.

ஆரம்பத்தில் நொடிக்கு 110 மெகாபைட். தட்டின் வெளிவட்டத்திலிருந்து உள்வட்டத்துக்குப் போகப்போக வேகம் பாதியாகக் குறைவது இயல்பு. அதைப் பார்த்துக் கவலைப்படவில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் ‘டிக்’ சத்தம் தொடங்கியது. வேகம் கிலோபைட்டுக்கு இறங்கியது. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.33 மில்லிநொடிதான் ஆகிறது. ஆனால் ஒரே செக்டரை அது விடாப்பிடியாகத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்ப்பதால் கணினி பல நொடிகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பெட்டிக்கு எதிரே மேசை விசிறியை வைத்தேன். இந்தக் குளிரில் விசிறி ஓடுவதைக் கண்டு அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “தட்டுக்குக் காய்ச்சலா தம்பி?” என்றார். வெப்பமானி 47 டிகிரி காட்டியது, ஆமாம் என்றேன்.

நவம்பர் 8

நல்ல தட்டாக இருந்தால் 2 மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை இன்று விடிந்த பிறகுதான் முடிந்தது. மொத்தம் 500 ஜிகாபைட்டில் படிக்கவே முடியாமல் போனது 57,344 பைட், அதாவது 112 செக்டர்.

அந்த 112 செக்டர் எந்தக் கோப்பில் விழுந்திருக்கின்றன என்பதுதான் உண்மையான கேள்வி. டிடிரெஸ்க்யூவிலேயே அதற்கு வழி இருக்கிறது: நகலில் ஓட்டையாக இருக்கும் இடங்களை மட்டும் வேறு எங்கும் வராத ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லிவிட்டு, பிறகு எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடினால், அடிபட்ட கோப்புகள் தாமே கையைத் தூக்கிவிடும். விண்டோஸின் புதுப்பிப்புக் கோப்பு ஒன்று, ஆண்டுவிழாப் படங்கள் சில, ஸ்கேன் செய்து வைத்த பழைய உர ரசீது ஒன்று. கணக்குக் கோப்பில் அந்தச் சொல் எங்கும் இல்லை. என்றாலும் அக்காவும் நானும் அக்டோபர் மாத மொத்தத்தைப் பேரேட்டோடு ஒப்பிட்டோம். கிலோவும் ரூபாயும் ஒத்துப்போயின.

நவம்பர் 10

புதிய தட்டு வாங்கக் கடைக்குப் போனேன். சுழலும் தட்டு இனி வேண்டாம், அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிதான் என்பதில் ஐயமில்லை. கடைக்காரர் 480 ஜிகாபைட்டை எடுத்துவைத்து, “500க்கும் இதுக்கும் என்ன சார் பெரிய வித்தியாசம்? விலையும் குறைவு” என்றார். நகலை அப்படியே இறக்க நினைப்பவருக்கு வித்தியாசம் இருக்கிறது. எங்கள் பழைய தட்டில் 97,67,73,168 செக்டர். 480 என்று எழுதியதில் 93,77,03,088தான். கடைசி 20 ஜிகாபைட் வெளியே தொங்கும். தட்டில் கோப்புகளுக்கென ஒதுக்கிய பகுதியை, அதாவது பகிர்வை, சுருக்கிவிட்டுத்தான் இறக்க முடியும். முடியாதது இல்லை, தேவையில்லாத சுற்று. 500ஆகவே கேட்டு வாங்கினேன். அதன் செக்டர் எண்ணிக்கை பழையதோடு கடைசி இலக்கம் வரை பொருந்தியது.

எங்கள் மதர்போர்டு பழைய 3 ஜிகாபிட் சாட்டா வகை என்பதால், உறையில் அச்சிட்ட வேகத்தில் பாதிதான் கிடைக்கும். அதனால் நஷ்டமில்லை. கணக்குக் கோப்பு போன்ற சின்னச்சின்னத் துண்டுகளை அங்கும் இங்கும் படிக்கும் வேலையில், முனை நகர்ந்து தேடும் நேரம் அடியோடு மிச்சமாவதே பெரிய லாபம்.

நவம்பர் 11

பொருத்தியாயிற்று. சிறிய தட்டு என்பதால் சட்டம் ஒன்று வைத்து மாட்ட வேண்டியிருந்தது. பழைய தட்டின் திருகுகள் இதற்குத் தடிமன், உறையோடு வந்த மெல்லியவற்றையே போட்டேன். சாட்டா இணைப்பின் ‘எல்’ வடிவ நாக்கு பிளாஸ்டிக்தான். கேபிளைச் சாய்த்து இழுத்தால் முறிந்துவிடும், எனவே நேராகச் செருக வேண்டும்.

நகலை இறக்கி இயக்கியதும் நீலத்திரை. 0x7பி என்ற எண். தொடக்கத் தட்டை விண்டோஸால் அணுக முடியவில்லை என்று பொருள். நகலில் குறையோ என்று அக்கா பயந்துவிட்டார். கணினியின் தொடக்க அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனால் தேதி 2009இல் நின்றது. மதர்போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்ததால், மின்கம்பியைக் கழற்றியவுடன் அமைப்புகள் எல்லாம் மறந்துபோய், சாட்டா முறை, அதாவது கணினி தட்டோடு பேசும் முறை, ஏஹெச்சிஐயிலிருந்து பழைய ஐடிஈக்குத் திரும்பியிருந்தது. சிஆர் 2032 பேட்டரி ஒன்றைப் போட்டு, முறையை மாற்றி, தேதியைத் திருத்தியதும் விண்டோஸ் திறந்துகொண்டது. செக்டிஸ்க்கை இப்போதுதான் ஓட்டினேன், அதுவும் நகலின்மேல்; இரண்டு சிறு திருத்தங்களோடு முடித்துக்கொண்டது. பேரேட்டில் இருந்த இந்த மாத எடைகளை அக்கா படிக்கப் படிக்க நான் ஏற்றினேன்.

நவம்பர் 14

உறுப்பினர்களுக்கு அக்டோபர் பட்டுவாடா இன்று முடிந்தது. இனி ஒவ்வொரு மாலையும் கணக்குக் கோப்பு ஒரு பென் டிரைவில் ஏறும். வாரத்துக்கு ஒரு நகல் பொருளாளர் வீட்டுக்குப் போகும்.

பழைய தட்டில் உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண்கள் இருப்பதால் அதைப் பழைய இரும்புக்குப் போட முடியாது. மேலெழுதி அழிப்பதும் முழுப் பயன் தராது. மாற்று இடம் ஒதுக்கப்பட்ட அந்த 312 செக்டர்களின் பழைய இடத்தைச் சாதாரண எழுத்து எட்டவே எட்டாது. டிசம்பர் பட்டுவாடா முடியும் வரை, ‘பழுது – இயக்க வேண்டாம்’ என்று தாள் ஒட்டி அலமாரியில் வைத்திருப்பேன். அதன் பிறகு நட்சத்திர முனைத் திருப்புளியால் திறந்து, அலுமினியத் தட்டுகளில் துளை போட்டு, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் காந்தம் தனக்கு வேண்டும் என்று எடை போடும் அண்ணன் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.