தண்ணி யாரு ஊத்துறது?

"தம்பி, நீங்க எல்லாரும் போனப்புறம் இதுக்குத் தண்ணி யாரு ஊத்துறது?"

மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்து ஊர். கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்தவ சபைக் கட்டடத்தின் தரைக்கு அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான் காங்கிரீட் போட்டு முடித்திருந்தோம். நான் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே "சபைப் பிள்ளைங்க பார்த்துக்குவாங்கக்கா" என்றேன். "சரி, ஆண்டவர் வீடுதானே, ஊத்திருவோம்" என்று சொல்லிவிட்டு அந்த அக்கா போய்விட்டார். மறுநாள் ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, நாங்கள் சிங்கப்பூருக்கு பஸ் ஏறிவிட்டோம்.

எனக்குத் தொழிலே இதுதான். சிங்கப்பூரில் சைட் சூப்பர்வைசர். காங்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, ஈரத்தில்தான் இறுகும். ஒரு வாரமாவது நனைந்தபடி இருக்க வேண்டும், 28 நாள் கழித்துத்தான் அதன் பலத்தைக் கணக்குப் பார்ப்பார்கள். தண்ணீர் விட ஆள் யார் என்று முடிவாகாமல் என் சைட்டில் ஒரு லோடுகூட இறக்க விடமாட்டேன். அங்கே மட்டும் ஏன் விட்டேன்?

நாங்கள் உதவிக்கு வந்திருந்தது 4 நாள். முதல் இரண்டு நாள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு, விளையாட்டு, வேலிக்குப் பெயின்ட் என்று போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை புதுத் தரையைச் சுற்றி நின்று ஜெபிக்கலாம், அதனால் காங்கிரீட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சரி என்று சொன்னது நான்தான். லீவு போட்டு, கைக்காசு செலவழித்து வந்த பிள்ளைகள், முடிந்த ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன், அதைத் தப்பென்று இப்போதும் சொல்ல மனம் வரவில்லை. சாயங்காலம் ஆனால் மழை பெய்கிற ஊர், மழையே பார்த்துக்கொள்ளும் என்றும் ஒரு நினைப்பு. மழை வரும்வரைக்கும் அடிக்கிற வெயிலை நான் நினைக்கவில்லை.

மூன்றாவது வாரம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. வாசல் பக்கம் மயிரிழை மாதிரி விரிசல். அங்கிருந்த போதகரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தினமும் தண்ணீர் ஊற்றியது அந்த அக்காவும் அவர் மகளும்தானாம். அக்காவுக்குச் செம்பனையில், அதாவது பாமாயில் மரத் தோட்டத்தில், உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை, விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போயாக வேண்டும். அதற்கும் முன்னால் எழுந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றியிருக்கிறார். தரையில் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கி நிறுத்தியிருக்கிறார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

அப்படியென்றால் அன்றைக்குத் தெரியாமல் கேட்கவில்லை. என் வாயிலிருந்து ஒரு பதில் வரட்டும் என்றுதான் கேட்டாரோ? இல்லை, நான்தான் இல்லாததை எல்லாம் யோசிக்கிறேனோ? 'ஊத்திருவோம்' என்றதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன், அதுவரை நிச்சயம். சாத்தான்குளம் பக்கம் எங்கள் வீடு கட்டும்போது, பீடி சுற்ற உட்காரும் முன்னால் அம்மாதான் குடம் குடமாக ஊற்றுவார். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று புரிந்திருக்க வேண்டும்.

விரிசலுக்குக் காரணம் தண்ணீர் போதாததுதானா என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் என்று அளந்துதான் ஆரம்பித்தோம். மதியத்துக்கு மேல் பிள்ளைகளால் மண்வெட்டியைத் தள்ள முடியவில்லை, "இன்னும் அரை வாளி ஊத்து" என்றேன். கலவையில் தண்ணீர் கூடினாலும் விரிசல் விடும். அதைப் போதகரிடம் நான் சொல்லவில்லை. அக்கா சரியாக ஊற்றவில்லை என்று அங்கே யாராவது நினைத்திருந்தால்?

டிசம்பரில் மறுபடியும் போகிறோம், பின்பக்கம் சமையல் கொட்டகைக்குத் தரை போட. இந்த முறை முதல் நாளே காங்கிரீட் என்று திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று நாள் நாங்களே ஊற்றுவோம். பாக்கி நாலு நாளுக்கு ஆள் பெயர் எழுதுகிற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.