இரவு ஷிஃப்டும் விண்வெளி நிலையமும்: நவம்பர் குறிப்புகள்

2 நவம்பர் 2025, ஞாயிறு

இன்றோடு 25 ஆண்டுகள். 2000 நவம்பர் 2 அன்று ஷெப்பர்ட், கிட்ஸென்கோ, கிரிகாலியோவ் என்ற விண்வெளி வீரர்கள் மூவரும் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குள் நுழைந்தார்கள். அன்றிலிருந்து அந்த இடம் ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. நான் சிங்கப்பூரில் பெரிய கட்டடங்களின் சில்லர் அறையில், அதாவது குளிரூட்டும் இயந்திரங்கள் இருக்கும் அறையில், வேலை பார்ப்பவன், அதனால் என் மனம் நேராக ஒரு விஷயத்துக்குத்தான் போகிறது: 25 ஆண்டுகள் காற்றும் தண்ணீரும் குளிர்ச்சியும் நிற்காமல் ஓடியிருக்கின்றன என்றால், யாரோ தினமும் ஃபில்டர் மாற்றி, பம்ப் பார்த்து, கசிவு தேடியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அங்கே நடக்கும் மிகப் பெரிய ஆய்வே அதுதான். இந்த மாதம் இரவு ஷிஃப்ட், ஓய்வு நேரத்தில் படிப்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

4 நவம்பர், செவ்வாய்

நிலையத்தின் கடிகாரம் கிரீனிச் நேரத்தில் ஓடுகிறது. அவர்கள் காலை 6 மணிக்கு எழும்போது சிங்கப்பூரில் பிற்பகல் 2 மணி. நான் இரவு 8 மணிக்கு வேலையில் ஏறும்போது அங்கே நண்பகல், அவர்கள் படுக்கப் போகும்போது இங்கே விடிகாலை 5.30. 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பதால் ஒரு நாளில் சுமார் 16 முறை சூரியன் உதிக்கும், அதை வைத்து யாரும் நாள் கணக்குப் பார்க்க முடியாது.

காலையில் முதலில் ஹியூஸ்டன், ஹன்ட்ஸ்வில், மியூனிக், சுகுபா, மாஸ்கோ என ஒவ்வொரு கட்டுப்பாட்டு மையத்தோடும் ஒரு பேச்சு. அப்புறம் திரையில் அன்றைய வேலைகள் கட்டம் கட்டமாக இருக்க, மேலே ஒரு சிவப்புக் கோடு நகர்ந்துகொண்டே போகும். கோடு உங்களைத் தாண்டிவிட்டால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள் என்று பொருள். அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சிக்கே போகிறது, ஏனென்றால் எடையற்ற நிலையில் இடுப்பெலும்பு போன்றவை மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தியை இழக்கலாம். இரும்புக் குண்டுகளுக்கு அங்கே கனமே இல்லை, அதனால் உள்ளே காற்றில்லாத வெற்றிட உருளைகளின் தண்டை எதிர்த்து இழுத்துத்தான் பயிற்சி. அந்த எலும்புகளை அளந்து அளந்து சேர்த்த தகவல் ஆய்வாளர்களுக்கும் போகிறது.

7 நவம்பர், வெள்ளி

இன்று என் துறை.

அங்கே சூடான காற்று மேலே எழாது, மேல் என்று ஒன்று இருந்தால்தானே. விசிறி நின்றுபோனால், தூங்குகிறவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தங்கிவிடும். அதனால் விசிறிகள் எப்போதும் ஓடியாக வேண்டும். கருவிகளின் சூட்டை உள்ளே குழாய்த் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, வெப்பமாற்றி வழியாக அது வெளியே ஓடும் அமோனியாவுக்குப் போகிறது, அமோனியா அதைப் பெரிய ரேடியேட்டர் பலகைகளுக்குக் கொண்டுபோய் விண்வெளிக்குள் கதிராக விடுகிறது. எங்கள் ஆலையிலும் இப்படி இரண்டு தண்ணீர்ச் சுற்றுகள் உண்டு, ஆனால் எங்களுக்கு மொட்டைமாடியில் சூட்டைக் காற்றில் விடும் கூலிங் டவர் இருக்கிறது, காற்று இருக்கிறது. அவர்களுக்கு வெளியே எதுவுமே இல்லை. தண்ணீரை வெளியே ஓடவிட்டால் உறைந்து குழாயை உடைத்துவிடும், அமோனியா உறைய கிட்டத்தட்ட மைனஸ் 77 டிகிரி வேண்டும். அமோனியாவை உள்ளே விடவும் முடியாது, நஞ்சு.

2013 டிசம்பரில் ஒரு பம்ப் தொகுதிக்குள் இருந்த வால்வு கெட்டுப்போய், இரண்டு குளிர்ச்சிச் சுற்றுகளில் ஒன்று பயன்படாமல் போனது. பல கருவிகளை அணைக்க வேண்டியிருந்தது, ஆய்வுக் கருவிகளும் அதில் அடக்கம். விண்வெளி வீரர்கள் மாஸ்ட்ராக்கியோவும் ஹாப்கின்ஸும் 21ஆம் தேதி வெளியே போய்ப் பழைய பம்பைக் கழற்றினார்கள், 24ஆம் தேதி புதியதை மாட்டினார்கள். ஹாப்கின்ஸ் இயந்திரக் கையின் நுனியில் நின்றபடி அந்தப் பம்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். நாங்கள் பம்ப் மாற்றப் பாரம் தூக்கும் செயின் பிளாக் கட்டி மூன்று பேர் நிற்போம். அவர் அப்படிப் போன காணொளி எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

10 நவம்பர், திங்கள்

கூட வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி கேட்டான், "அண்ணே, நெசமாவே மூத்திரத்தச் சுத்தம் பண்ணியா குடிக்கிறாங்க?" ஆமாம். சிறுநீர், வியர்வை, மூச்சில் வரும் ஈரம் எல்லாவற்றையும் பிடித்து, காய்ச்சி வடித்து, வடிகட்டி, குடிநீராக்குகிறார்கள். கடைசியில் மிஞ்சும் உப்புக் கழிவிலிருந்தும் நீரைப் பிழிந்தெடுக்கும் கருவி வந்த பிறகு, 2023இல் 98 விழுக்காடு மீட்பை எட்டினார்கள். நான் அவனிடம் சிங்கப்பூரின் புதுநீரைப் பற்றிச் சொன்னேன். 2003 முதல் இங்கே கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெரும்பகுதியை ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள், வறண்ட காலத்தில் நீர்த்தேக்கத்திலும் கலக்கிறார்கள். மழையை விட்டால் சொந்தமாகத் தண்ணீர் இல்லாத ஊர்க்காரனுக்கு அந்த 98 எவ்வளவு பெரிய எண் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

12 நவம்பர், புதன்

அம்மா வெந்தயம் ஊறவைத்துக்கொண்டிருந்தார். இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா ஜூன் மாதம் அங்கே போனபோது வெந்தயமும் பச்சைப்பயறும்தான் முளைக்கவிட்டார் என்றேன், கர்நாடகத்தின் தார்வாட் ஆய்வாளர்கள் அனுப்பிய சோதனை அது. முளைத்ததை உறைபெட்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அம்மா உடனே, "கீழ மேல இல்லாத எடத்துல வேரு எந்தப் பக்கம்யா போவும்?" என்று கேட்டார். இதே கேள்வியைத்தான் ஆய்வாளர்களும் கேட்டார்கள். ஈர்ப்பு இல்லாவிட்டாலும் வேர் வெளிச்சத்தை விட்டு விலகி வளர்கிறது என்று அங்கே வளர்த்த செடிகளில் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் தண்ணீரில்தான். அது வடியாமல் வேரைச் சுற்றிப் பந்தாகத் திரண்டு மூச்சை அடைத்துவிடும்.

2015 ஆகஸ்ட் 10 அன்று அங்கே வளர்த்த சிவப்புக் கீரையைத் தின்ற மூவரில் ஒருவர் ஜப்பானின் கிமியா யுயி. இப்போதும் அவர் மேலே இருக்கிறார், போன மாதக் கடைசியில் ஜப்பானின் புதிய சரக்குக் கலத்தை இயந்திரக் கையால் பிடித்தவர் அவரே.

15 நவம்பர், சனி

அக்கா மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். "மாமா, நம்ம ஊரு அங்க என்ன செஞ்சிருக்கு?" என்றாள். 2017 ஜனவரியில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஜப்பானியரோடு சேர்ந்து செய்த ஆவோபா வெலாக்ஸ்-3 என்ற சின்னச் செயற்கைக்கோள், நிலையத்தில் இருக்கும் ஜப்பானின் கீபோ ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே விடப்பட்டது. 2019 ஜூன் 17 அன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் செய்த ஸ்பூக்கி-1 செயற்கைக்கோளும் அதே வழியில் போனது. 10 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம், அந்தப் பெட்டிக்குள் பின்னிப்பிணைந்த ஒளித்துகள் இணைகளை, அதாவது ஒன்றை அளந்தால் மற்றதன் அளவும் அதோடு ஒத்துப்போகும் இணைகளை, உண்டாக்கி அளந்து காட்டினார்கள். ஆய்வுக்கூட மேசையில் அசையாமல் வைத்துச் செய்யும் வேலை அது.

அவளுக்குக் குவாண்டம் பிடித்துப்போனது. எனக்கு அதைவிட, அந்தக் கருவி 16 முதல் 21.5 டிகிரி வரையிலான வெப்பத்தில் வேலை செய்தது என்ற வரிதான் முக்கியமாகப் பட்டது. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போகும் ஒரு சின்னப் பெட்டியில் அதை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று கட்டுரையைத் தேடி எடுத்திருக்கிறேன். திங்கள் இரவு உட்கார்ந்து படிக்க வேண்டும்.