அம்மாவின் சொட்டு நீலம்

"ஏண்டா, கண்ணுக்குள்ள நீலம் போட்டாங்களாமே, துணிக்குப் போடுற சொட்டு நீலமா?" குப்புறப் படுத்தபடியே அம்மா கேட்டாள்.

விழித்திரையின் நடுவில் ஓட்டை. அதை மூட, மேலே படிந்திருக்கும் ஒரு சவ்வை உரித்தெடுக்க வேண்டும். தடிமன் இரண்டு மூன்று மைக்ரான்தான், கண்ணாடி மாதிரி. சாயம் ஏற்றினால்தான் டாக்டருக்கே தெரியும். இப்போது பரவலாகப் போடுவது பிரில்லியன்ட் புளூ; கொஞ்ச நேரத்தில் அங்கேயே கழுவி உறிஞ்சிவிடுவார்கள்.

2000 வாக்கில் இந்த ஆபரேஷனுக்கு வந்த இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம் அப்படி லேசில் விடாது. மிச்சம் பார்வை நரம்பின் முகப்பில் ஒட்டிக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் அகச்சிவப்புக் கேமராவில் மினுங்கியிருக்கிறது. நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. விழித்திரைக்கு நஞ்சாகுமோ என்ற சந்தேகமும் சேர, டாக்டர்கள் பலர் நீலத்துக்கு மாறினார்கள்.

இத்தனையும் சொல்லி முடித்தேன்.

"சரி, கண்ணு நீலமாகாதுல்ல?"

"ஆகாதும்மா."

அப்புறம் அவள் பாட்டுக்கு, ஓட்டையை அழுத்தி மூடக் கண்ணுக்குள் விட்டிருந்த வாயுக் குமிழியைத் திட்ட ஆரம்பித்தாள்; குப்புறப் படுக்க வைத்ததும் அதுதான். தலையை அசைத்தால் டம்ளர் தண்ணீர் மாதிரி உள்ளே தளும்புகிறதாம். அது கரைய இன்னும் சில வாரம் ஆகும்.