கேமராவின் முன் கனிவான நாய்ப் பயிற்சி

நடிகையாக இருந்த விக்டோரியா ஸ்டில்வெல், வருமானத்துக்காக லண்டனில் பிறர் வளர்க்கும் நாய்களை நடைக்கு அழைத்துச் செல்லத் தொடங்கி, பின்னர் முழுநேரப் பயிற்றுநராக மாறியவர். 2005-இல் பிரிட்டனின் சேனல் 4-இல் தொடங்கிய ‘இட்ஸ் மீ ஆர் தி டாக்’ தொடர், அடிக்காமல், கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுக்காமல் நாயைப் பழக்கலாம் என்பதைப் பல குடும்பங்களுக்குக் கண்ணெதிரே காட்டியது.

இந்த முறையைத் திரையில் காட்டுவது எளிதல்ல. அதட்டினால் நாய் அந்த நொடியிலேயே அடங்கிவிடும். கேமராவுக்கு அது விருந்து. ஆனால் விரும்பிய செயலைச் செய்த உடனேயே தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்து, அதைப் பலமுறை, பல இடங்களில், பொறுமையாகத் திரும்பச் செய்யும் பயிற்சியில் பரபரப்பு ஏதுமில்லை (படத்தொகுப்பாளர்கள் பாவம்தான்).

அடங்கிய நாயெல்லாம் அமைதியான நாயல்ல என்பதையும் பார்வையாளருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அச்சத்தில் உறைந்த நாய் உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தூக்கமின்றியே கொட்டாவி விடும். நாயை அடக்கி ஆள, ஓநாய்க் கூட்டத்தின் தலைவனைப் போல மனிதர் நடந்துகொள்ள வேண்டும் என்னும் ‘தலைமை ஓநாய்’ வாதமோ அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுந்தது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் எழுதினார். அடுத்த முறை பயிற்சிக் காணொளி ஒன்றைப் பார்க்கும்போது, ஒலியை அணைத்துவிட்டு நாயின் வாயையும் காதுகளையும் வாலையும் மட்டும் கவனித்துப் பாருங்கள்.