வெள்ளக் கார்டும் ராத்திரி எட்டு மணி மாத்திரையும்

எங்க மாமாவுக்கு கிட்னி மாத்தி வர்ற ஆவணி வந்தா மூணு வருசம். குடுத்தது அத்தை. கேரளா எல்லையில கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துல வீடு, பேசறது தமிழு, ரேஷன் கார்டு மலையாளத்துல, ஆஸ்பத்திரி கோயமுத்தூர்ல, எங்க பக்கம் நெறைய பேருக்கு இப்படித்தான்.

அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் டயாலிசிஸ், வாரத்துக்கு மூணு நாள் வேலந்தாவளம் வழியா பஸ்ஸ புடிச்சு போயிட்டு சாயங்காலம் தள்ளாடிட்டே வந்து எறங்குவாரு. அத்தை "என்னோடத எடுத்துக்கச் சொல்லுங்க"ன்னு சொன்னதுக்கப்பறம் பேப்பர் வேலை ஆரம்பிச்சுது. கார்டுல அத்தை பேரு ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி, அந்த ஒத்த எழுத்துக்காக நோட்டரி, வில்லேஜ் ஆபீஸ்னு மூணு வாரம் அலைஞ்சேன். எனக்கு அதுல வருத்தமில்ல, உறுப்ப காசுக்கு விக்கறத தடுக்கத்தான் 1994ல சட்டமே வந்துச்சு, 2011 திருத்தத்துக்கப்பறம் வித்தாலும் வாங்கினாலும் அஞ்சுலருந்து பத்து வருசம் ஜெயில், 20 லட்சத்துலருந்து ஒரு கோடி வரைக்கும் அபராதம். கெடுபிடி இருக்கத்தான் வேணும்.

ஆனா தண்டனைக்கு இவ்வளவு கறாரா கணக்கு சொன்ன சட்டம் செலவு யாரோடதுன்னு சொல்லல. அந்த சட்டத்தோட 2014 விதிகள உக்காந்து படிச்சேன். அத்தை மாதிரி உசுரோட இருக்கறவங்க மட்டுமில்ல, மூளைச்சாவு அடைஞ்சவங்ககிட்டருந்தும் உறுப்பு எடுக்கறாங்க. மூளைச்சாவு அடைஞ்சவங்கள பாத்துக்கற செலவு, உறுப்பு எடுக்கற செலவு எதையும் தானம் குடுக்கற குடும்பத்து மேல போடக்கூடாதுன்னு இருக்கு, ரொம்ப சரி. அப்ப யாரு குடுக்கறது? உறுப்பு வாங்கறவங்க, இல்லைன்னா ஆஸ்பத்திரி, இல்லைன்னா அரசாங்கம், இல்லைன்னா தொண்டு நிறுவனம், அத மாநிலம் முடிவு பண்ணிக்கலாமாம். இத்தன "இல்லைன்னா" போட்டா யாரு முன்னுக்கு வருவா? மூளைச்சாவுன்னு உறுதி பண்ண ஆறு மணி நேரம் விட்டு ரெண்டு தடவ டெஸ்ட், நாலு டாக்டருங்க கையெழுத்து, அதுவரைக்கும் வென்டிலேட்டர்ல பிரஷர் எறங்காம பாத்துக்கணும், அழுதுட்டு நிக்கற குடும்பத்துகிட்ட பக்குவமா பேச ஒரு கோஆர்டினேட்டர் வேணும். இப்படி மூளைச்சாவு அடைஞ்சவங்க உறுப்புகள வாங்கி மாத்தற திட்டத்த தமிழ்நாட்டுல 2008லயும் கேரளாவுல மிருதசஞ்சீவனின்னு 2012லயும் ஆரம்பிச்சாங்க, நெறைய உசுர காப்பாத்தியிருக்காங்க, அந்த வேலைக்கு நிச்சயமான பணம் சட்டத்துலயே எழுதியிருக்கணும்ங்கறதுதான் என் ஆதங்கம்.

அப்பறம் மாத்திரை, மாத்தின கிட்னிய உடம்பு ஒதுக்கிடாம இருக்கறதுக்கு. டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், ஸ்டீராய்டு, காலைல எட்டு ராத்திரி எட்டு, அந்த கிட்னி வேலை செய்யற காலம் பூரா. அத்தை பழைய வெத்தலப் பெட்டில பட்டைய கத்திரியால வெட்டி வெட்டி நாள்வாரியா அடுக்கி வெப்பாங்க. போன தை மாசம் எண்ணிப் பாத்தா பன்னெண்டு மாத்திரை மிச்சம் இருக்கு. பையன் காலேஜ் பீஸ் கட்டற மாசம்னு மாமா யாருகிட்டயும் சொல்லாம ராத்திரி மாத்திரைய நிறுத்தியிருக்காரு. கிட்னி சரியா வேலை செய்யலைன்னா ரத்தத்துல ஏர்ற கிரியாட்டினின் 1.3லருந்து 2.1க்கு ஏறிப்போச்சு, அட்மிட் பண்ணி ஊசி போட்டு 1.6ல வந்து நின்னுது. அன்னைக்கு அத்தை சத்தமே போடல, "ஏனுங்க, அது உங்களுது மட்டுமா, என்னோடதும்தானுங்களே"ன்னு மட்டும் சொன்னாங்க. எனக்கு அங்க நிக்க முடியல.

மத்திய அரசோட தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்துல இந்த மாத்திரைக்கு மாசம் 10,000 ரூபா வரைக்கும் உதவி இருக்கு, ஆனா வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு. மாமாவுக்கு ஒரு ஏக்கருக்கு மேல தென்னந்தோப்பு, அதனால வெள்ளக் கார்டு, கேரளாவுல முன்னுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்கற ரேஷன் கார்டு. வாடல் நோய் வந்து மரம் பாதி போனது கார்டுல தெரியாது.

அமெரிக்காவுலயும் இதே தப்ப பண்ணாங்க, மெடிகேர்ங்கற அரசாங்க இன்சூரன்ஸ்ல சேர கிட்னி கோளாறு மட்டுமே காரணமா இருந்தவங்களுக்கு மாத்தி 36 மாசம் ஆனா மாத்திரைக்கு காசு நின்னுடும், அப்பறம் கிட்னி போயி திரும்ப டயாலிசிஸ்க்கு வந்தா அதுக்கு மட்டும் காசு குடுப்பாங்க. 2020 டிசம்பர்ல சட்டத்த மாத்தி, வேற இன்சூரன்ஸ் இல்லாதவங்களுக்கு 2023 ஜனவரிலருந்து மாத்திரைக்கு கெடு இல்லாம ஆக்கினாங்க. இங்கயும் கார்டு கலர் பாக்காம மாத்திரை குடுக்கணும்னு எங்க எம்.பி.க்கு தமிழ்லயும் மலையாளத்துலயும் மனு எழுதிட்டிருக்கேன். உங்க வீட்டுல யாராச்சும் இதே மாத்திரை சாப்பிட்டா மாசம் எவ்வளவு ஆகுது, கார்டு என்ன கலர்னு எனக்கு எழுதுங்க, மனுவோட சேத்து வெக்கறேன்.